ஆளுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்... கைதிச் செலவை வைத்து வறுமையை நிரூபித்த தாதாபாய் நௌரோஜி!

உழைத்தும் வீட்டு வருமானம் ஏறவில்லை என்றால், தப்பு அந்த வீட்டிலா, அதைத் தாண்டிய உலக வர்த்தகத்திலா? 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் தாதாபாய் நௌரோஜி.

யார் இவர்?

1825 செப்டம்பர் 4 அன்று ஏழை பார்சி குடும்பத்தில் பிறந்தார். 4 வயதில் அப்பா இறந்துவிட, அம்மா மாணெக்பாய்தான் வளர்த்தார். பம்பாயில் கட்டணமில்லாப் பள்ளியில் படித்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1855ல் காமா நிறுவனத்தின் பங்குதாரராக லண்டன் போனார். பிறகு சொந்தமாகப் பருத்தி வியாபாரமும் செய்தார்.

20 ரூபாய் வந்தது எப்படி?

1867-70 காலத்து அரசுப் புள்ளிவிவரங்களையே எடுத்துக்கொண்டார். மாகாணவாரியாக விளைச்சலை விலையால் பெருக்கி, மற்ற உற்பத்தியையும் சேர்த்து, சுமார் 17 கோடி மக்களுக்கு வகுத்தார். ஒருவருக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான் வந்தது. அடுத்து, சிறைக் கைதி ஒருவரின் சாப்பாடு, துணிக்கு அரசு செய்த செலவைப் பார்த்தார். அது இதைவிட அதிகம்! குற்றமே செய்யாத விவசாயிக்குக் கைதி அளவுக்குக்கூட வசதி இல்லை.

பணம் எங்கே போச்சு?

இறக்குமதியைவிட இந்தியாவின் ஏற்றுமதி அதிகம். ஆனால் அந்த உபரிக்கு ஈடாக எதுவும் திரும்பி வரவில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகளின் சம்பளச் சேமிப்பு, பென்ஷன், ரயில்வே முதலீட்டுக்கான வட்டி என லண்டனுக்கே போனது. வரிப்பணம் ஊரிலேயே செலவானால் இன்னொரு வீட்டுக்கு வருமானமாகும். கடல் தாண்டினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். இதுதான் அவர் சொன்ன 'செல்வச் சுரண்டல்' கோட்பாடு.

அரசு ஒத்துக்கொண்டதா?

இல்லை. 1882ல் அரசுத் தரப்பு போட்ட கணக்கில் 27 ரூபாய் வந்தது. அந்த எண்ணை நௌரோஜி ஏற்கவில்லை. ஆனால் அதை வைத்துப் பார்த்தாலும் வறுமை வறுமைதான்.

1892ல் லண்டனின் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் ஒற்றை இலக்க ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே இந்த வாதத்தை வைத்தார். 1901ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். 3 முறை காங்கிரஸ் தலைவராக இருந்த அவர், 1917 ஜூன் 30 அன்று 91 வயதில் காலமானார்.

இன்று பட்ஜெட் நேரத்தில் அடிபடும் 'தனிநபர் வருமானம்' என்ற கணக்கை இந்தியாவில் முதலில் போட்டவர் இவர்தான்.