இடி தேவன் மரத்தை வெட்டிய பாதிரியார்

ஜெர்மனியில் கைஸ்மார் என்ற ஊர். அங்கே பெரிய ஓக் மரம் ஒன்று நின்றது. இடி தேவனுக்கு உரிய மரம் அது. அதில் கை வைக்க யாருக்கும் துணிவு இல்லை.

கி.பி. 723-ம் ஆண்டு வாக்கில் ஒரு பாதிரியார் கோடாலியை எடுத்தார். ஊரார் கூடி நின்று சபித்தார்கள். மரம் சாய்ந்தது. இடி விழவில்லை! பலர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். அந்த மரத்தைக் கொண்டே அவர் ஒரு ஜெபக்கூடம் கட்டினார்.

அவர்தான் போனிபாஸ். இங்கிலாந்துக்காரர். 716-ல், இன்றைய ஹாலந்து கடற்கரையில் இருந்த பிரிசியா நாட்டுக்கு மதம் பரப்பப் போனார். அங்கே சண்டை நடந்தது. வெறுங்கையோடு திரும்பினார். 719-ல் போப்பாண்டவர் அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்.

மரத்தைச் சாய்த்தது துணிச்சல் மட்டும்தானா? இல்லை. பிராங்கு மக்களின் தலைவர் சார்லஸ் மார்ட்டல் அவருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்திருந்தார். அரசின் ஆதரவு இல்லாமல் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்று போனிபாசே பிற்பாடு ஒரு பிஷப்புக்கு எழுதினார்.

ஆர்ச் பிஷப் பதவியும் வந்தது. வயது எண்பதை நெருங்கியது. ஆனாலும் பிரிசியாவை அவர் மறக்கவில்லை. மீண்டும் புறப்பட்டார். தம் உடலைச் சுற்றுவதற்கான துணியையும் புத்தகப் பெட்டியில் வைக்கச் சொன்னார்!

754 ஜூன் 5. டோக்கம் என்ற ஊருக்கு அருகே கூடாரம் போட்டிருந்தார். புதுக் கிறிஸ்தவர்கள் வரவேண்டிய நாள் அது. வந்ததோ ஆயுதக் கும்பல். கூட இருந்தவர்கள் எதிர்த்துப் போரிட எழுந்தார்கள். போனிபாஸ் தடுத்துவிட்டார். அவரும் சுமார் 50 பேரும் கொல்லப்பட்டார்கள்.

பொன் கிடைக்கும் என்று கும்பல் பெட்டிகளை உடைத்தது. உள்ளே இருந்தவை புத்தகங்கள். வயலில் வீசி எறிந்தார்கள். வெட்டுப்பட்ட ஒரு புத்தகம் ஜெர்மனியில் புல்டா நகரில் இன்றும் இருக்கிறது. போனிபாஸ் தலைக்கு மேல் பிடித்த புத்தகம் அது என்கிறார்கள்.