கோ. நடேசையர்: ஒரு பத்திரிகையாளரின் சரிதம்

ஆண்டு மலருக்குச் சரிதம் எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தபோதெல்லாம் நாவலர் பெருமானையோ, சேர் பொன். இராமநாதன், சேர் பொன். அருணாசலம் ஆகிய சகோதரர்களையோ தேர்ந்து எழுதி வந்துள்ளோம். அவர்களைப் பற்றி எமது வாலிபர்கள் பள்ளிக்கூடத்திலும் படிக்கின்றார்கள், மேடையிலும் கேட்கின்றார்கள். இவ்வாண்டு நாம் எழுதப் புகுவது பள்ளிப் புத்தகத்தில் அதிகம் இடம் பெறாத ஒருவரைப் பற்றி. இக்கொழும்பு மாநகரில் இருந்துகொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தி, அரசாங்கம் மறைக்க விரும்பியவற்றை வெளியே கொணர்ந்தவர் கோதண்டராம நடேசையர். 1947 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7 ஆந் திகதி அவர் காலமானார்.

ஐயர் 1887 ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டில் பிறந்தவர். வேதம் ஓதும் குலத்திலே பிறந்தும் அவருடைய கல்வி வாணிபத்தின்பாற் சென்றது. கணக்கு, வியாபாரம் முதலிய துறைகளில் அறிவு பெற்று, வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையைத் தஞ்சையிலே நடத்தினார். தமிழ் வியாபாரிகளுக்கு நவீன வாணிப முறைகளை எடுத்துச் சொல்வதே அதன் நோக்கம். பிற்காலத்தில் அவர் செய்த வேலைக்கு இந்தக் கணக்கறிவு பெருந்துணையாயிற்று என்பது எமது எண்ணம். ஏழைகள்பால் இரக்கங் கொண்டு எழுதியோர் அந்நாளிலும் பலர் இருந்தனர். செக்ரோலையும் அரிசிக் கணக்கையும் வரிவரியாய்ப் பார்த்து எங்கே பிழை என்று காட்ட வல்லவர் சிலரே.

1910களின் பிற்பாதியில் வர்த்தகமித்திரன் தொடர்பாகக் கொழும்புக்கு வந்த ஐயர், மலைநாட்டுத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் படும் பாடு பற்றிக் கேள்விப்பட்டார். நேரிற் சென்று பார்க்க விரும்பினார். ஆனால் அது எளிதன்று. தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி உள்ளே புகுபவன் அத்துமீறிய குற்றத்துக்காளாவான். படித்த இந்தியன் ஒருவன் லயத்துப் பக்கம் நின்றால் கங்காணி துரையிடம் ஓடுவான். துரை பொலீசுக்கு ஆள் அனுப்புவார். தலையிலே மூட்டை சுமந்து வரும் புடவை வியாபாரிக்கு மட்டும் எந்த லயத்து வாசலும் திறந்திருந்தது. ஆகவே ஐயர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார்; தோட்டந் தோட்டமாகச் சென்றார்; கண்டவற்றையும் கேட்டவற்றையும் அறிக்கையாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவில் அப்டன் சிங்கிளேர் என்பவர் சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளுள் புகுந்து விசாரித்து 1906 இல் ஒரு நாவல் வெளியிட, அந்நாட்டு அரசாங்கம் உணவுச் சட்டங்கள் செய்ய நேர்ந்தது. ஐயருக்கு அந்தச் செய்தி எட்டியிருந்ததோ இல்லையோ, அவர் கையாண்ட வழி அதுவே.

அவர் கண்டது யாது? இக்காலத்து இளைஞர் பொருட்டுச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆள் சேர்த்து வரும் கங்காணி, வழிச்செலவென்றும் முன்பணமென்றும் கொடுத்த தொகை தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்துக் காலடி வைக்குமுன்னரே அவன் கடனாளி. அவன் வேறு தோட்டம் போக வேண்டுமாயின், கடனைச் செலுத்துவோருக்கு அவனை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. புதிய துரை பழைய கடனைத் தீர்ப்பார். அக்கடன் சிறிது வளர்ந்து புதிய தோட்டத்துக் கணக்கில் ஏறும். இடையில் நின்ற கங்காணிக்கு இலாபம். மேலும், அவனுடைய ஆட்கள் நாள்தோறும் பிரட்டுக்கு வந்து வேலைக்குப் போனால், ஆளொன்றுக்கு இத்தனை சதம் என்று தலைக்காசும் அவனுக்குண்டு. இவற்றுள் எதுவும் களவாக நடந்ததன்று. எல்லாம் சட்டப்படி, பேரேட்டில் எழுதி, அரசாங்கம் அறிய நடந்தவையே. அதனாற்றான் ஐயருடைய எழுத்து துரைமாரை மட்டுமன்றி அரசாங்கத்தையும் சுட்டது.

இவ்விடத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டியதொன்று. இந்த அநீதியை முதன்முதற் கண்டவர் ஐயர் அல்லர். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் சட்டத்துக்கு எதிராக அருணாசலம் அவர்கள் வாதாடி வந்தார்கள். 1919 இல் அவர்கள் அமைத்த தொழிலாளர் நலச் சங்கத்தில் பெரி. சுந்தரம் அவர்கள் செயலாளராகப் பணி புரிந்தார்கள். 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதில் பலருக்கும் பங்குண்டு. பெரியோர் மகஜர் எழுதினார்கள். ஐயர் அதே சங்கதியைத் தெருவில் நிற்பவனும் வாசிக்கும்படி பத்திரிகையில் எழுதினார். வேற்றுமை அதுவே.

1920, 21 ஆம் ஆண்டுகளில் ஐயர் கொழும்பிலே நிலைத்துவிட்டார். டாக்டர் ஈ. வி. இரத்தினம், எம். ஏ. அருளானந்தன் ஆகியோருடன் சேர்ந்து தேசநேசன் என்னும் தமிழ்ப் பத்திரிகை வெளிவந்தது. ஐயர் அதன் ஆசிரியர். அரசாங்கம் அதனை விரும்பவில்லை. இரகசியப் பொலீசார் அவரைக் கவனித்து வந்தனர். அவரை நாடு கடத்துவது பற்றியும் ஆலோசனை நடந்தது. ஐயர் இந்நாட்டிற் பிறந்தவரல்லர் என்பது எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நின்ற அபாயம். பிறந்த ஊரில் எழுதுபவனுக்குச் சிறை ஒன்றே பயம். வந்த ஊரில் எழுதுபவனைக் கப்பலேற்றி விடலாம். அந்த அபாயத்தை அறிந்தும் அவர் எழுதினார். நாடு கடத்தலும் நடக்கவில்லை.

1924 இல் தேசபக்தன் தொடங்கியது. ஆங்கிலத்தில் சிற்றிசன், போர்வேர்ட் என்னும் பத்திரிகைகளையும் அவர் நடத்தினார். தமிழ்ப் பத்திரிகை தொழிலாளிக்கு. ஆங்கிலப் பத்திரிகை அவனை ஆள்வோருக்கு. ஒரே செய்தி இரு பாஷைகளில் இரு வாசல்களிற் சென்று தட்டியது. தோட்டத்தில் எழுத வாசிக்கத் தெரிந்தவர் சிலரே யாயினும், தெரிந்த ஒருவன் வாசிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளில் எங்கும் இருந்த வழக்கம். இன்னுமொரு சுவையான செய்தி: மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம் என்னுங் கதை நூலொன்றையும் ஐயர் 1924 இல் எழுதினார். துப்பறியும் கதையில் அவருக்கு விருப்பம் இருந்ததில் நாம் வியப்படைய வேண்டியதில்லை!

அக்காலத்திற் கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கியவர் ஏ. ஈ. குணசிங்கா. ஐயர் அவருடன் சேர்ந்து உழைத்தார். துறைமுகத்திலும் ரெயில்வேயிலும் வேலை செய்த சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நின்ற நாட்கள் அவை. 1927 துறைமுக வேலைநிறுத்தத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பங்களின் பழங்கதைகளில் இன்றுங் கேட்கலாம். பின்னர் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகவே, குணசிங்காவின் வீரய என்னும் சிங்களப் பத்திரிகை இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. 1928 அளவில் இருவரும் பிரிந்தனர். 1933 இல் எமது வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது குணசிங்கா வேலைநிறுத்தக்காரருக்கு மாறாக நின்றமை அந்தப் பிரிவின் பின்விளைவுகளுள் ஒன்று. ஆலை இப்போது இல்லை. ஊரில் முதியோருக்கு அதன் சங்கொலி நினைவிருக்கும்.

1925 இல் நடந்த இடைத்தேர்தலில் ஐயர் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். இங்கு ஒரு விசித்திரம் உண்டு. அந்நாளில் வாக்குரிமை கல்வியையும் வருமானத்தையும் பொறுத்தது. தோட்டத் தொழிலாளி பெரும்பாலும் வாக்காளன் அல்லன். ஆகவே வாக்கில்லாத கூலியின் குறையைப் பேசியவரைத் தெரிவு செய்தவர்கள் வாக்குள்ள வியாபாரிகளும் உத்தியோகத்தர்களுமே. ஐயருக்குச் சபையினால் ஒரு பெரிய நயமுங் கிடைத்தது. பத்திரிகையில் ஒரு துரையின் பெயரைச் சொல்லி எழுதினால் மானநட்ட வழக்கு வரும். வழக்காடச் சிறு பத்திரிகையிடம் பணமில்லை. சபையிலே கேட்ட கேள்விக்கு வழக்கில்லை. அதற்கு அரசாங்க உத்தியோகத்தர் விடை சொல்லியாக வேண்டும். கேள்வியும் விடையும் ஹன்சாட்டில் ஏறும். ஹன்சாட்டில் ஏறியதைப் பத்திரிகையில் அச்சிடலாம். இக்காலத்தில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் ஒரு விண்ணப்பம் எழுதித் திணைக்களத்திடம் பத்திரம் கேட்கலாம். (எமது வாலிபர்களில் எத்தனைபேர் கேட்டிருக்கின்றீர்கள் என்று நாம் வினவவில்லை.) ஐயருக்கு அந்தச் சட்டம் இல்லை.

1927 இல் குறைந்த கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. பிள்ளைக்கும் கூலி விதித்த சட்டம் அது என்பதை வாசகர் கவனிப்பாராக. சட்டப் புத்தகத்தில் உள்ள 54 சதம் தொழிலாளி கைக்கு வரும்போது 54 சதமாகவே இருக்கின்றதா என்பதே ஐயரின் கேள்வி. அரிசிக்குப் பிடித்தம், முன்பணத்துக்குப் பிடித்தம், அரைப்பேர் போட்ட நாள் இவையெல்லாங் கழிந்த பின்பு மிஞ்சுவது எவ்வளவு? இதனை மேற்பார்க்க 1923 முதல் கொழும்பில் இந்தியத் தொழிலாளருக்கென ஓர் அதிகாரியும், கண்டியில் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவரும் இருந்தனர். சட்டம் கடதாசியில் உறங்காமல் இருக்க வேண்டுமானால் தொழிலாளியே சட்டத்தை அறிய வேண்டும் என்று கருதிய ஐயர், தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் விளக்கி நூல் எழுதினார். எமது கருத்தில் அவர் செய்தவற்றுள் இது மிகப் பெரிது. ஆவேசப் பேச்சை மறந்துபோவோம். சட்ட விதியைத் தெரிந்தவன் துரையின் மேசைமுன் நின்று கேட்பான்.

அதன்பின் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை, றப்பர் விலைகள் வீழவே, துரைமார் கூலியைக் குறைக்கக் கேட்டனர், அரசாங்கம் இசைந்தது. ஐயர் 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டன் நகரை நிலைக்களமாக்கிக் கூலிக் குறைப்பை எதிர்த்தார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற்சங்கம் அதுவே. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆதலால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதி நகரங்களில் கூட்டம் நடந்தது. ஐயர் பேசுமுன்னர் அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார் மேடையேறிப் பாடுவார். தேசபக்தன் ஆசிரிய வேலையிலும் அம்மையாருக்குப் பங்குண்டு. அவர் இயற்றிய பாடல்கள் 1940 இல் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் சிறு நூலாக வந்தன. மலைநாட்டு மேடையில் ஒரு பெண் ஏறிப் பாடுவது அந்நாளிற் சிறிய காரியமன்று. அம்மையாரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எமது மாதர் பகுதியார் எழுதுவார்களாயின் நன்று.

1936 இல் அட்டன் தொகுதி ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இம்முறை தொழிலாளியின் வாக்கும் இருந்தது. 1939 இல், 1934 ஏப்ரலுக்குப் பின் அரசாங்க வேலையிற் சேர்ந்த இந்திய நாட்கூலிகளை விலக்க மந்திரிகள் தீர்மானித்தார்கள். பதிலாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தொழிலாளர் இலங்கை வருவதைத் தடுத்தது. பண்டித நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தும் மந்திரிகள் இளகவில்லை. அவ்வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஐயர் சபையில் அத்தீர்மானத்தை எதிர்த்தார். ஆனால் காங்கிரசோடு ஒன்றி நிற்கவில்லை.

இங்கே அவருடைய குறையையும் சொல்லவேண்டும். பிறருடன் நெடுங்காலம் சேர்ந்து உழைப்பது அவருக்கு இயலவில்லை. தேசநேசன் நண்பர்களுடனும், குணசிங்காவுடனும், பின் வந்த தலைவர்களுடனும் அவர் பிரிந்தே நின்றார். ஒருவர் கையில் இருந்த பத்திரிகைகள் ஒருவரின் கைப்பணம் தீர்ந்தபோது நின்றன; தோட்டத் தொழிலாளி, சுதந்திரப் போர், வீரன் என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. ஒருவர் கையில் இருந்த சங்கமும் 1940இன் பின் காங்கிரசின் தொழிற்சங்கத்துக்கு முன் மெலிந்தது. எவர்க்கும் அடங்காத குணமே அவரை எழுத வைத்தது. அதே குணமே அவரைத் தனியனாக்கியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எம்மால் இயலவில்லை.

1947 பொதுத்தேர்தலில் ஐயர் தோல்வியுற்றார். இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். சில வாரங்களுக்குள் அவர் தமது அறுபதாம் வயதிற் காலமானார். அடுத்த ஆண்டு, 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அந்த வாக்கெடுப்பு நாளன்று சபையிற் கேள்வி கேட்க அவர் இல்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் பெயர் மங்கியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த எழுத்தாளர் சாரல்நாடன் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து 1988 இல் ஐயரின் வரலாற்றை நூலாக்கினார். குமாரி ஜயவர்த்தனா அவர்கள் இலங்கைத் தொழிலாளர் இயக்கம் பற்றி 1972 இல் எழுதிய ஆங்கில நூலிலும் ஐயருக்குத் தக்க இடம் உண்டு. ஆயினும் அவருடைய பத்திரிகைகள் முழுமையாக ஓரிடத்திற் கிடைப்பது அரிது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வாழும் எமது பெரியோர்களின் வீடுகளில், தாத்தாமாரின் பழைய பெட்டிகளில், தேசநேசன், தேசபக்தன் பிரதிகளோ ஐயரின் சிறு நூல்களோ கிடக்குமாயின், மன்ற நூல்நிலையத்துக்குக் கொடுத்துதவும்படி வேண்டுகின்றோம். பிரதியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.