ஊருக்கு மணி காட்டிய ஞானி

நேரந்தவறாமைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் உலகம் முழுவதும் சுட்டும் பெயர் ஒன்று உண்டு. அது ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட்டின் பெயர். அவர் தெருவில் நடந்து போனால் ஊரார் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொள்வார்களாம். இந்தக் கதையைக் கேட்பவர்களுக்கு அவர்மேல் மதிப்பு வருமே தவிர அன்பு வராது. சாவி கொடுத்த பொம்மையிடம் யாருக்கு அன்பு வரும்? ஆனால், அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் இந்தச் சித்திரம் பாதி உண்மைதான் என்று தெரிகிறது. மற்றப் பாதியே நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

காண்ட் 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்ய நாட்டுத் துறைமுகம். இன்று கலினின்கிராட் என்ற பெயருடன் ருஷ்யாவில் இருக்கிறது. கணிதம் பயிலும் நண்பர்கள் அந்த ஊரின் ஏழு பாலங்களை மறந்திருக்க மாட்டார்கள். தந்தை குதிரைச் சேணத்துக்குத் தோல்வார் தைக்கும் தொழிலாளி. 13ஆம் வயதில் தாயை இழந்தார் காண்ட். படிக்கும் நாட்களிலேயே தந்தையையும் இழந்தார். பிறகு செல்வர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சில ஆண்டுகள் காலம் தள்ளினார். 1755இல் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்த உரிமை கிடைத்தது. உரிமை கிடைத்ததேயன்றிச் சம்பளம் கிடைக்கவில்லை. கேட்க வரும் மாணவர்கள் தரும் கட்டணமே வருமானம். அந்த நிலையில் 15 ஆண்டுகள் கழிந்தன.

விஞ்ஞானம் படிக்கும் எனக்கு அந்த இளம் காண்ட்டை மிகவும் பிடிக்கும். சுழலும் வாயுவும் தூசியும் திரண்டு சூரியனும் கிரகங்களும் உருவாயின என்ற கருத்தை 1755இல் ஒரு நூலாக எழுதினார். பதிப்பாளர் நொடித்துப்போனதால் நூல் பரவவில்லை. அதற்கு முந்திய ஆண்டு எழுதிய கட்டுரையில் இன்னும் வியப்பான செய்தி இருக்கிறது. கடலின் ஏற்ற வற்றங்கள் பூமியின் சுழற்சிக்குத் தடைபோடுகின்றன. ஆகையால் பூமி சிறிது சிறிதாக வேகம் குறைகிறது என்று அதில் வாதாடினார். அவர் சொன்னது சரி என்று பின்னாளில் தெளிவாயிற்று. ஒரு நாளின் நீளம் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மில்லிசெகண்டு கூடுகிறது. பூமியின் சுழற்சிக்கும் அணுக் கடிகாரத்துக்கும் நேர்ந்த பிணக்கைத் தீர்க்க 1972 முதல் 2016 வரை 27 முறை உலகக் கடிகாரங்களில் ஒரு செகண்டு கூட்ட வேண்டியதாயிற்று. நேரந்தவறாமைக்குப் பேர்போன மனிதரே, பூமியும் நேரம் தவறும் என்று முதலில் கண்டவர்!

அந்நாளில் அவரும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். நல்ல உடை உடுத்துவார், விருந்துக்குப் போவார், சீட்டாடுவார், பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் கெட்டிக்காரர், நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்புவதும் உண்டு. ரூஸோவின் 'எமீல்' வெளிவந்த 1762இல், அதைப் படிக்கும் ஆவலில் தம் வழக்கமான உலாவை அவர் மறந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கடிகார வாழ்க்கை அவருக்கு அப்போது இன்னும் ஏற்படவே இல்லையாதலால் நான் அந்தக் கதையை அவ்வளவாக நம்புவதில்லை. ஆயினும் அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே படம் ரூஸோவுடையது என்பது மெய்.

அவரை மாற்றியவர் யார்? கோனிக்ஸ்பர்க்கில் வாணிகம் செய்துவந்த ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேயர். ஏறத்தாழ 40ஆம் வயதில் காண்ட்டுக்கு அவருடைய நட்பு வாய்த்தது. கிரீன்தான் உண்மையான கடிகார மனிதர். காண்ட்டின் மாணவரான யாக்மன் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மறுநாள் காலை 8 மணிக்கு வண்டியில் வெளியே போவதென்று நண்பர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். முக்கால் மணிக்கே கிரீன் கையில் கடிகாரத்துடன் அறையில் உலாவத் தொடங்கினார். ஐம்பதாவது நிமிஷம் தொப்பி. ஐம்பத்தைந்தாவது நிமிஷம் கைத்தடி. 8 அடித்த முதல் ஓசையில் வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டார். இரண்டு நிமிஷம் பிந்திய காண்ட் எதிரே வந்து கைகாட்டியும் வண்டி நிற்கவில்லை. பேசிய பேச்சு அப்படி!

நட்பு அதனால் முறியவில்லை, வளர்ந்தது. நாள்தோறும் பிற்பகலில் காண்ட் கிரீனின் வீட்டுக்குப் போவார். கிரீன் சாய்வு நாற்காலியில் உறங்கிக்கொண்டிருப்பார். காண்ட்டும் பக்கத்தில் அமர்ந்து கண்ணயர்வார். மூன்றாவது நண்பர் வந்து அவரும் உறங்கிவிடுவார். குறித்த நேரத்தில் நான்காமவர் வந்து எல்லோரையும் எழுப்பிய பிறகு பேச்சுத் தொடங்கும். சரியாக 7 மணிக்குச் சபை கலையும். பேராசிரியர் காண்ட் இன்னும் போகவில்லையே, அதற்குள் 7 மணி ஆகியிருக்காது என்று தெருவிலுள்ளோர் சொல்லிக்கொள்வார்களாம். ஆகவே அவர் ஊருக்கு மணி காட்டியது தனிமையில் விறைத்து நடந்த நடையால் மட்டும் அன்று. நண்பர்களுடன் சிரித்துப் பேசிவிட்டு வீடு திரும்பிய நடையாலும்தான்.

1770இல் பேராசிரியர் பதவி வந்தது. அவருடைய பிற்கால நாள் இப்படிக் கழிந்தது: காலை 5 மணிக்குச் சில நிமிஷம் முன்பே வேலைக்காரர் லாம்பே வந்து எழுப்புவார். தேநீர், ஒரு குழல் புகை, பாட ஆயத்தம். 7 மணிக்கு விரிவுரை. பிறகு எழுத்து. 1 மணிக்கு நண்பர்களுடன் உணவு. அப்புறம் உலா; இரவு 10 மணிக்குப் படுக்கை. பல ஆண்டுகள் பாடம் கேட்ட யாக்மன், ஆசிரியர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்று எழுதுகிறார். ஒடுங்கிய மார்பும் நலிந்த உடலும் கொண்ட காண்ட் ஏறக்குறைய 80 வயதுவரை உழைத்ததற்கு இந்த ஒழுங்கே காரணம் எனலாம்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இத்தகைய மனிதர் தம் வாழ்வின் தலையாய வேலையில் தவணை தவறினார்! தாம் எழுதப்போகும் பெரிய நூலின் முதற்பகுதி மூன்று மாதங்களில் வந்துவிடும் என்று 1772ஆம் ஆண்டு தொடக்கத்தில் மார்க்கஸ் ஹெர்ட்ஸ் என்ற பழைய மாணவருக்குக் கடிதம் எழுதினார். 'தூய அறிவின் விமரிசனம்' வெளிவந்தது 1781இல். இடையே ஒன்பது ஆண்டுகள்! அந்த நாட்களில் பெயர் சொல்லும்படி அவர் எதையும் வெளியிடவில்லை. காண்ட் வற்றிவிட்டார் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், சிந்தனை கனிந்த பிறகு ஐந்து மாதங்களுக்குள் நூலை எழுதி முடித்தார். அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் கிரீனிடம் காட்டி, அவர் தீர்ப்பைக் கேட்டார் என்பர். அப்போது காண்ட்டின் வயது 57.

இது முரண்பாடு அன்று. காலை 7 மணி அவருக்கு மட்டும் உரியதன்று. குளிரில் நடந்து வந்து காத்திருக்கும் மாணவர்களுக்கும் உரியது. அதில் ஒரு நிமிஷமும் அவர் திருடவில்லை. ஆராய்ச்சியின் விடையோ தானாகக் கனிய வேண்டியது. அதைத் தவணைக்காகப் பழுக்கவைக்க அவர் மனம் இசையவில்லை. அந்த ஒன்பது ஆண்டும் வகுப்புகள் மட்டும் மணிப்படி நடந்துகொண்டுதான் இருந்தன.

1804ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அவர் காலமானார். நிலம் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியவில்லை. 16 நாள் கழித்து, 28ஆம் நாள்தான் அடக்கம் நடந்தது. கோனிக்ஸ்பர்க் அதுவரை கண்டிராத கூட்டம் அவரைப் பின்தொடர்ந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சங்கக் கூட்டம் ஆறு மணி என்றால் ஏழுக்கு வருகிறோம். பேச வந்த பெரியவர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சோதனைச்சாலை முடிவையோ, குறித்த தேதிக்கு எப்படியாவது வரவழைத்துவிடத் துடிக்கிறோம். பிறருடைய நேரத்தில் தாராளம், நம்முடைய சிந்தனையில் கஞ்சத்தனம்! பிறவியிலேயே கடிகாரமாகப் பிறந்தவர் யாரும் இல்லை. காண்ட்டே 40 வயதில், ஒரு நண்பரிடம்தான் கற்றார். நமக்கு அந்த வயது ஆக இன்னும் நாள் இருக்கிறது, நண்பர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் எந்த மணி அச்சிட்டிருக்கிறதோ அந்த மணிக்கு நான் மண்டபத்தில் இருப்பேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார யார் வருகிறீர்கள்?