ஆய்வரங்கில் அண்ணல்

நம் பிள்ளைகளைப் பள்ளியிறுதி வகுப்போடு நிறுத்திவிடுவது வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் நோக்கமன்று. கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்கும் கோவைக்கும் சென்று முதுகலை பயில்வோர் இன்று நம்மிடையே உளர். நன்கு படிக்கும் பிள்ளைகளும், கட்டுரை படிக்க அவையில் எழும்போது நா வறண்டு நிற்பதை நாம் அறிவோம். அவர்கள் பொருட்டு, அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

1891 ஏப்ரல் 14 ஆம் நாள் மாவ் நகரில், படையில் சுபேதாராகப் பணியாற்றிய இராம்ஜியின் மகனாக அண்ணல் பிறந்தார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் உரிமை மறுக்கப்பட்ட அவர், 1912 இல் பம்பாயில் இளங்கலைத் தேர்வில் வெற்றி பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையை இழந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித் தொகையைக் கொண்டு நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உதவித் தொகை மூன்றாண்டுகளுக்கே உரியது. ஆகவே காலத்தின் அருமையை உணர்ந்து, நூலகமே கதியென இருந்தார். பொருளியலைச் செலிக்மனிடமும், தத்துவத்தை ஜான் டூயியிடமும் கற்றார். வரலாறு, சமூகவியல், மானிடவியல் ஆகியவற்றையும் விட்டாரில்லை. 1915 இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1916 மே 9 ஆம் நாள் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் என்னும் பொருள் பற்றிக் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு அகவை 25. சாதியின் கொடுமையை உடலாலும் உள்ளத்தாலும் பட்டறிந்தவர் அவர். எனினும் தம் துயரைச் சொல்லி இரக்கம் தேடினாரில்லை. கேட்போர் அனைவரும் அறிந்த பொருட்காட்சியைச் சுட்டித் தொடங்கினார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகியோர் சாதிக்குத் தந்த வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் குறை நிறைகளை ஆராய்ந்தார். அதன் பின்னரே தம் கருத்தை வைத்தார்.

சாதியின் உயிர்நிலை அகமணமே என்பது அவர் முடிபு. நம் கொங்கு நாட்டில் ஒரே குலத்துக்குள் பெண் கொள்ளாத வழக்கத்தை நாம் அறிவோம். இத்தகைய புறமண வழக்கம் வேரூன்றிய சமுதாயத்தின் மீது அகமணம் சுமத்தப்பட்டதே சாதி என்று அவர் காட்டினார். அந்த வேலி சிதையாதிருக்க வேண்டுமாயின், குழுவுக்குள் மணம் செய்யத் தக்க ஆண் பெண் எண்ணிக்கை ஒத்திருத்தல் வேண்டும். அதன் பொருட்டே உடன்கட்டையும், கட்டாயக் கைம்மையும், குழந்தை மணமும் எழுந்தன என்று விளக்கினார். தம் முடிபே இறுதியானது என அவர் சாதிக்கவில்லை. உணர்ச்சியை விலக்கி ஆராயுமாறு வேண்டினார். தக்க காரணம் காட்டின் தம் கொள்கையையும் கைவிட அணியமாயிருந்தார். அக்கட்டுரை 1917 இல் இந்தியன் ஆண்டிகுவரி இதழில் வெளிவந்தது.

இலண்டனில் தொடர்ந்த படிப்பு, 1917 இல் உதவித் தொகை முடிவுற்றதால் இடையில் நின்றது. அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பலும் போரில் மூழ்கியது. பரோடாவில் உயர் பதவி கிடைத்தும் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. ஆயினும் மனம் தளராமல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரும், நண்பர் நவல் பத்தேனாவும் துணைபுரிய, 1920 இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வேடு திருத்தி எழுதுமாறு திருப்பப்பட்டது. அவர் திருத்தி அளித்தார். 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927 இல் கிடைத்தது.

இளைஞர்களே, அவையில் அண்ணலுக்குத் துணை நின்றது அவர் முன்கூட்டித் தேடி வைத்த அறிவேயாகும். பிறர் எழுதியதை முழுமையாகப் படியுங்கள். கேட்போர் அறிந்ததிலிருந்து தொடங்குங்கள். சொல்ல வந்த ஒன்றைத் தெளிவாக நிறுவுங்கள். மறுப்பு வரின் சினவாது கேளுங்கள். ஆய்வேடு திரும்பி வரின் திருத்திக் கொடுங்கள். உதவித் தொகை தாமதிக்கும் நாளிலும் நூலகத்தின் கதவு திறந்தே இருக்கும். நம்மைப் பற்றிப் பிறரே எழுதிவந்த நிலை மாறி, நாமே ஆராய்ந்து அவையில் உரைக்கும் காலத்தை அண்ணல் தொடங்கிவைத்தார். அதனைத் தொடர்வது நம் கடன்.