கோகோ டப்பாவில் வைரம், கட்டிலுக்கு அடியில் முத்து... ஒரு ரஷ்யப் பேரரசியின் நகைகள் போன கதை!

2012-ம் வருஷம். அமெரிக்காவில் பழைய தங்கம் வாங்கி உருக்குவதற்கு விற்கிற ஒரு வியாபாரி, கூகுளைத் திறந்து 'முட்டை' என்றும், ஒரு வாட்ச் கம்பெனியின் பெயரையும் டைப் செய்கிறார். அவர் கையில் இருந்தது 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குட்டித் தங்க முட்டை. உள்ளே வாஷெரோன் கான்ஸ்டன்டின் கடிகாரம். பழைய பொருள் சந்தையில் சுமார் 14,000 டாலருக்கு வாங்கியிருந்தார். உருக்கினால் சில நூறு டாலர் லாபம் வரும் என்பது கணக்கு. ஆனா, அவ்வளவு விலைக்கு யாரும் எடுக்க முன்வரவில்லை. நல்லவேளை!

கூகுள் சொன்ன பதில் அவரைத் தூங்கவிடவில்லை. அது ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்ஸாண்டர், 1887-ம் வருட ஈஸ்டருக்குத் தன் மனைவிக்குக் கொடுத்த ஃபாபெர்ஜே முட்டை. கோடிக்கணக்கில் மதிப்பு. அந்த மனைவிதான் இந்தக் கதையின் நாயகி, மரியா ஃபியோடரோவ்னா.

பிறந்தது 1847-ல், டென்மார்க்கின் கோபன்ஹேகனில். அப்போ பெயர் டக்மார். இளவரசி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். அப்பா கிறிஸ்டியன் அப்போது ராஜா இல்லை, சுமாரான சம்பளத்தில் வாழ்ந்த ராணுவ அதிகாரி. டக்மாரும் அக்கா அலெக்ஸாண்ட்ராவும் ஒரே அறையில் தூங்கி, தங்கள் துணியைத் தாங்களே தைத்துப் போட்டு வளர்ந்தவர்கள். 1863-ல்தான் எல்லாம் மாறியது. அதே வருஷம் அக்கா பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்டைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டன் போனார், அப்பா டென்மார்க் ராஜா ஆனார்.

டக்மாருக்கு ரஷ்ய இளவரசர் நிக்கோலஸோடு நிச்சயமானது. ஆனால் 1865-ல் அவர் நோயில் இறந்துபோனார். மரணப் படுக்கையில் தம்பியின் கையையும் டக்மாரின் கையையும் அவரே சேர்த்து வைத்ததாக ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ, 1866-ல் அந்தத் தம்பி அலெக்ஸாண்டரையே டக்மார் மணந்தார். மதம் மாறினார், பெயரும் மரியா ஃபியோடரோவ்னா என்று மாறியது. இந்தக் கல்யாணத்துக்கு அக்காவும் மாமாவும் ஒரு ப்ரூச் பரிசளித்தார்கள். நடுவில் பெரிய நீலக்கல், சுற்றி வைரம், கீழே தொங்கும் ஒரு முத்து. இந்த ப்ரூச்சை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆணழகன், பேச்சாளன் என்றெல்லாம் சொல்ல முடியாத, முரட்டு உருவம் கொண்ட அலெக்ஸாண்டர், மனைவி விஷயத்தில் செம ரொமான்டிக். 1885 ஈஸ்டருக்கு நகைக்கலைஞர் ஃபாபெர்ஜேவிடம் ஒரு முட்டை செய்யச் சொன்னார். வெள்ளை எனாமல் ஓடு, திறந்தால் தங்க மஞ்சள் கரு, அதற்குள் தங்கக் கோழி, கோழிக்குள் வைரக் கிரீடமும் மாணிக்கப் பதக்கமும். மனைவியின் முகத்தைப் பார்த்தவர், அதன்பிறகு வருஷம் தவறவில்லை. 1894-ல் அவர் இறக்கும் வரை 10 முட்டைகள். பிறகு மகன் இரண்டாம் நிக்கோலஸ், அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தொடர்ந்தார். மொத்தம் 50.

மனைவி, அம்மா என்றதும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்குமே? ஆமாம், அங்கேயும் மாமியார் – மருமகள் பிரச்னைதான். புதுப் பேரரசிக்கு அரச நகைகளைக் கொடுப்பது மரபு. மரியாவோ சிலவற்றைத் தர மறுத்தாராம். அப்படியென்றால் எனக்கு அவை வேண்டவே வேண்டாம் என்று மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அனுப்பி வைத்தார் என்பார்கள். மருமகள் பெயரும் அலெக்ஸாண்ட்ராதான். அக்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1917-ல் புரட்சி வந்தது. மகன் முடி துறந்தார். மரியா, மகள்கள் க்சேனியா, ஓல்காவோடு கிரிமியாவின் கடலோர மாளிகையில் தங்கினார். ஏப்ரலில் ஒரு விடியற்காலை, மாலுமிகள் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்து சோதனை போட்டார்கள். கடிதங்களை அள்ளினார்கள், அவருடைய டேனிஷ் பைபிளைக்கூட எடுத்துப் போனார்கள். நகைப்பெட்டி மட்டும் தப்பியது.

அதன்பிறகு நடந்ததை ஓல்கா பின்னாளில் சொல்லியிருக்கிறார். நகைகளைக் கோகோ டப்பாக்களில் போட்டு, கடற்கரைப் பாறை ஒன்றின் அடியில் இருந்த பொந்தில் ஒளித்து வைத்தார்கள். அடையாளத்துக்கு ஒரு நாயின் வெள்ளை மண்டையோடு. ஒருநாள் போய்ப் பார்த்தால் மண்டையோடு மணலில் கிடக்கிறது. பொந்து எது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் கையை விட்டுத் துழாவி, கடைசியில் டப்பா சத்தம் கேட்ட பிறகுதான் உயிர் வந்ததாம்.

1918 ஜூலையில் நிக்கோலஸ், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள் எல்லோரும் யெகாடெரின்பர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேத்திகளின் உள்ளாடைகளில் வைரங்கள் தைக்கப்பட்டிருந்தன. முதலில் சுட்ட சில தோட்டாக்கள் அதில் பட்டுத் தெறித்தன. மரியா இந்தச் சாவைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்றே இருந்தார். அவனுக்காக நினைவுப் பிரார்த்தனை செய்யவும் விடவில்லை.

1919 ஏப்ரலில், அக்காவின் மகனான பிரிட்டிஷ் ராஜா ஐந்தாம் ஜார்ஜ் அனுப்பிய மார்ல்பரோ என்ற போர்க்கப்பலில் ஏறினார். கரையில் தவித்த மற்ற அகதிகளையும் ஏற்றினால்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தது தனிக்கதை. முட்டைகளில் அவரோடு ரஷ்யாவை விட்டு வெளியேறியது ஒன்றே ஒன்றுதான். 1916-ல் போர்க்காலத்தில் மகன் கொடுத்தது. வைரமே இல்லாத, எளிமையான வெள்ளி முட்டை.

லண்டனில் அவர் மனம் ஒட்டவில்லை. டென்மார்க்குக்கே திரும்பினார். அங்கே அண்ணன் மகன் பத்தாம் கிறிஸ்டியன் ராஜா. மகா சிக்கனக்காரர். கரன்ட் பில் எகிறுகிறது, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் என்று அத்தைக்கு ஆள் அனுப்பினாராம். அத்தை, வந்தவர் கண் முன்னாலேயே தன் பகுதியில் இருந்த அத்தனை விளக்கையும் போடச் சொன்னாராம். இந்தச் சம்பவம் நடந்ததோ இல்லையோ, மரியாவின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதன்பிறகு ஹ்விட்யோரே என்ற கடலோர வீடு. ஐந்தாம் ஜார்ஜ் வருஷத்துக்கு 10,000 பவுண்டு கொடுத்தார். அதையும் உதவி கேட்டு வந்த ரஷ்ய அகதிகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார். நகைப்பெட்டி எப்போதும் கட்டிலுக்கு அடியில். அப்பப்போ திறந்து பார்ப்பதோடு சரி, கடன் இருந்தும் ஒன்றைக்கூட விற்கச் சம்மதிக்கவில்லை. இதே சமயத்தில் சோவியத் அரசு அரச நகைகளுக்குக் கேட்டலாக் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. 1927-ல் லண்டன் கிறிஸ்டிஸில் 124 தொகுதிகள் ஏலம் போயின. 1894-ல் அவர் மருமகள் மணமகளாகச் சூடிய வைரக் கிரீடமும் அதில் ஒன்று. இன்று அது வாஷிங்டனில் ஹில்வுட் மியூசியத்தில் இருக்கிறது.

1928 அக்டோபர் 13-ல் மரியா இறந்தார். உடனே ஐந்தாம் ஜார்ஜின் ஏற்பாட்டில் பெட்டி சீல் வைக்கப்பட்டு லண்டன் அரண்மனைக்குப் போனது. தன்னிடம் சரியாகக் கலந்துபேசவே இல்லை என்பது ஓல்காவின் வருத்தம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கடைசி வரை அம்மாவோடு இருந்தவர் அவர்தான். ஒரு சாதாரண அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டதால் அரச குடும்பத்தில் அவருக்கு மதிப்புக் குறைவு.

நகைகள் விற்கப்பட்டு, மகள்கள் பெயரில் பணம் போடப்பட்டது. சுமார் 1 லட்சம் பவுண்டு. சில நகைகளை ஐந்தாம் ஜார்ஜின் மனைவி ராணி மேரியே வாங்கினார். பல வருஷம் கழித்து, அரண்மனை அதிகாரி ஒருவரின் நினைவுக் குறிப்புகளில் 3.5 லட்சம் பவுண்டு என்ற கணக்கு வெளிவந்ததும் பூகம்பம். மீதிப் பணம் எங்கே, ராணி ஏமாற்றிவிட்டாரா என்று பத்திரிகைகள் கிளப்பின. நகைக்கடையின் பழைய பட்டியலை ஆராய்ந்தவர்கள், அவ்வளவு மதிப்பே அந்தப் பெட்டிக்கு இல்லை, ராணி உரிய விலையைக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். கிசுகிசு மட்டும் இன்னும் சாகவில்லை.

அந்த நீலக்கல் ப்ரூச்? 1930-ல் 2,375 பவுண்டுக்கு ராணி மேரி வாங்கினார். அக்கா குடும்பம் கொடுத்த கல்யாணப் பரிசு, அக்காவின் மருமகளுக்கே விலைக்குப் போனது. மேரிக்குப் பிறகு 1953-ல் அது இரண்டாம் எலிசபெத்திடம் வந்தது. அவருடைய பல போட்டோக்களில் பார்க்கலாம்.

முட்டைகளை சோவியத் அரசு சல்லிசாக விற்றுத்தள்ளியது. 1913-ல் மகன் கொடுத்த 'குளிர்கால முட்டை', 2025 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் 2 கோடியே 29 லட்சம் பவுண்டுக்குப் போனது. 50-ல் 7 முட்டைகள் எங்கே என்று இன்றும் யாருக்கும் தெரியாது. அந்த ஏழுமே மரியாவுக்குக் கொடுக்கப்பட்டவை.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே தேவாலயத்தில் இருந்த அவர் உடல், 2006 செப்டம்பரில் கப்பலில் ரஷ்யா போனது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அந்த முதல் முட்டையைக் கொடுத்த அலெக்ஸாண்டருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.