மூணாம் வகுப்பு படித்த பிரின்சிபால்

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் டவுன் பஸ்ஸில் போனால், ஒரு நிறுத்தத்தில் கண்டக்டர் "ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ்" என்று குரல் கொடுப்பார். இறங்கித் தேடினால் அந்தப் பேரில் இப்போது அங்கே காலேஜ் கிடையாது. 1945-ல் இருந்தது. சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் ஹோப் பேரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் கோவையில் உண்டாயின. அதற்குப் பிரின்சிபாலாக உட்கார்ந்தவர் மூணாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர்.

அவர்தான் ஜி.டி. நாயுடு என்கிற கோபால்சாமி துரைசாமி நாயுடு. நம் காலேஜில் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரிக்கல் படிக்கிற எல்லோரும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். பையனுக்குப் படிப்பில் மனசு போகவில்லை. அந்தச் சமயம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறது! கிராமத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இவருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. அதைச் சொந்தமாக வாங்கியே தீருவது என்று கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்துச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றியது. பிறகு திரும்பப் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். மேனுவல் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார். நாம் லேபில் ஒரு கார்புரேட்டரைப் பிரித்துவிட்டு நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்கைத் தேடுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்து, சம்பாதித்ததைப் பம்பாயில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அப்போது கோவையில் தொழில் நடத்திவந்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவ, ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த பஸ் ஓடியது. டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்று பெருகியது. பதிமூணு, பதினாலு வருஷத்துக்குள் 200-க்கும் மேல் வண்டிகள்! போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் இருக்கிற விழுப்புரத்தில் படிக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லத் தேவையில்லை. திண்டிவனத்திலிருந்து காலையில் வருகிற நம் நண்பர்கள் ஒரு பஸ் பிரேக்டவுன் ஆனாலே முதல் பீரியடை விடுகிறார்கள்.

பஸ்ஸோடு நிற்கவில்லை. 1930-களில் ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றினார். சின்ன மோட்டார் வைத்து பேட்டரியில் ஓடுகிற ஷேவிங் ரேஸர் செய்தார், ரேசன்ட் என்று அதற்குப் பேர். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் எலக்ட்ரிக் மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கோவை இன்றைக்கு பம்புக்கும் மோட்டாருக்கும் பேர் எடுத்த ஊர் என்றால் தொடக்கம் அங்கே இருக்கிறது. அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் கார், விலை 2000 ரூபாய். அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அது ரோட்டுக்கு வரவில்லை.

அரசாங்கத்தோடு அவருக்கு எப்போதும் தகராறுதான். வரி விதிப்பை எதிர்த்து 1950-களில் கோவையில் பொதுக்கூட்டம் கூட்டி, தன் தயாரிப்புகளைத் தானே ஜனங்கள் முன்னால் உடைத்தார். எனக்கு அவரிடம் பிடிக்காத ஒரே காரியம் இதுதான். கோபம் நியாயமாகவே இருக்கட்டும். உடைந்தது அவர் பொருள் மட்டும் இல்லை, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கக் கூடிய ஒரு பையனின் பொருளும்தான்.

இப்போது ஹோப் காலேஜுக்கு வருகிறேன். பிரின்சிபாலாக இருந்த நாயுடு, நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷம் போதும் என்றார். பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைக்குக் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குக் கையெழுத்து போடத் தெரியும், அவ்வளவுதான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன். மூணு வருஷம் பீஸ் கட்டிப் படிப்பதற்குப் பதில் ஷெட்டில் சேர்ந்திருந்தால் இந்நேரம் மெக்கானிக் ஆகியிருப்பானே என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை. நாயுடுவும் அவர்கள் கட்சிதானோ?

லீவில் திண்டிவனத்தில் நான் போய் நிற்கிற ஷெட்டுக்கு ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வந்தது. எல்லாம் ஓடுகிறது, டேக்கோமீட்டர் மட்டும் செத்துக் கிடக்கிறது. நாம் ஆர்.பி.எம். மீட்டர் என்போமே, அதுதான். ஷெட் அண்ணன் எட்டாவது ஃபெயில். கண்ணாடியைத் தொடவே இல்லை. மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி, இன்ஜினை ஓட்டச் சொல்லி, முனையைப் பார்த்தார். உள் கேபிள் சுற்றவில்லை. உருவினால் பாதிதான் வந்தது. கிரீஸ் காய்ந்து இறுகி, கேபிள் முறுக்கி அறுந்திருந்தது. அளவுக்கு ஒரு உள் கேபிள் போட்டு கிரீஸ் தடவி மாட்டியதும் முள் எழுந்துவிட்டது. நாயுடு ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் படித்த படிப்பு இதுதான்.

ஆனால் முள் காட்டுவது சரியா? அங்கேதான் நம்ம கிளாஸ் நோட்டு உதவியது. கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இருட்டில் பழைய சோக் டியூப் லைட்டைப் பக்கத்தில் வைத்தோம். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவை மின்னும். இன்ஜின் 1500 ஆர்.பி.எம். என்றால் செகண்டுக்கு 25 சுற்று, ஒரு சுற்றுக்கு நாலு மின்னல். ஒற்றைக் கோடு நாலு கோடாக அசையாமல் நிற்கும். 3000 என்றால் இரண்டு கோடு. (எல்.இ.டி. பல்பு இதற்கு லாயக்கில்லை. ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) நாலு கோடு நின்றபோது மீட்டர் 1200 காட்டியது. இரண்டு கோடு நின்றபோது 2700.

இரண்டு இடத்திலும் ஒரே 300 குறைவு. இந்த மாதிரி மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். அதை மூடிய அலுமினியக் கிண்ணத்தில் எட்டி கரண்ட் உண்டாகி, கிண்ணம் ஹேர் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்பும். முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில் நிற்கிறது. காந்தம் பலம் குறைந்திருந்தால் வேகம் கூடக்கூட வித்தியாசமும் கூட வேண்டும். கூடவில்லை. அப்படியானால் காந்தமும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன, முள்ளைத்தான் யாரோ தள்ளிச் சொருகியிருக்கிறார்கள். ஸீரோவில் சின்ன பின் தடுப்பதால் வண்டி நிற்கும்போது இது தெரியாது. முள்ளை எடுத்து 300 தள்ளிச் சொருகினோம். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகவே நாயுடு அவர்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கையால் பிரிக்காத படிப்பு எத்தனை வருஷம் இருந்தாலும் வீண். மீதிப் பாதிக்கு என் பதில், அவர் ஒருத்தருக்கு ரட்ஜ் வண்டியே வாத்தியார் ஆனது. என்னைப் போன்றவனுக்கு எட்டி கரண்ட் என்ற ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு மூணு வருஷம் கொடுக்கிறேன், வீட்டில் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவர் 1974 ஜனவரி 4-ல் காலமானார். அவர் குடும்பத்தார் 2015-ல் அவினாசி ரோட்டிலேயே ஜீடீ கார் மியூசியம் என்று திறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வருஷ ஐ.வி. கோவைப் பக்கம் என்றால் யூனியன் நண்பர்கள் இதையும் லிஸ்டில் சேர்க்க வேண்டுகிறேன். போகிறவர்கள் பெயிண்டோடு நின்றுவிடாமல் டேஷ்போர்டுகளைக் குனிந்து பாருங்கள்.