ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டே போனவர்

உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. ரெஃபரன்ஸ் லிஸ்ட். ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் வரிசையாக இருக்கும். அதில் எத்தனையை நீங்க உண்மையிலேயே திறந்து படிச்சீங்க? என் கணக்கை நானே சொல்லிடுறேன்: மூன்று. மீதியெல்லாம் ஒரு பேப்பரின் பின்பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. செகண்ட் ரிவ்யூவில் கைடு பதினொன்றாம் எண்ணைக் காட்டி, இதில் என்ன சொல்லியிருக்காங்க என்று கேட்டார். முழித்தேன். அன்று ராத்திரி அந்தப் பதினொன்றைத் தேடிப் பிடித்துப் படித்தால், என் தலைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ படிக்காமல் போட்டதை நானும் படிக்காமல் போட்டிருக்கேன்.

அந்தக் கடுப்போடு செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்தபோதுதான் 'என் சரித்திரம்' கையில் கிடைத்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு உ.வே.சாமிநாதையர் என்றால் தமிழ்த் தாத்தா, ஓலைச்சுவடி தேடினார், அவ்ளோதான். ஒரு நெடுவினாவுக்கு மேல் அவர் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் புத்தகத்தைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்தது, நான் செய்யாமல் விட்ட அந்த வேலையைத்தான். ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டு அது போகிற இடம் வரைக்கும் போனார்.

1855 பிப்ரவரி 19இல் பிறந்தார். ஊர் கும்பகோணம் பக்கத்து உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பாடி, கதை சொல்லி, கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்தியவர். பையனும் அவரோடு சேர்ந்து ஊர் ஊராக அலைந்தான். எந்த ஊரில் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிறதோ அங்கே படிப்பு. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். பிள்ளை 1876இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். ஆசிரியர் பாடல் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதினார். தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அந்தக் காலத்தில் ஒரு வித்துவான் படிக்க வேண்டிய எல்லாவற்றையும் படித்து முடித்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் கல்லூரியில் அவர் இடம் இவருக்குக் கிடைத்தது. வயது 25. அரசாங்கச் சம்பளம். நம்ம பாஷையில் சொன்னால் ப்ளேஸ்மென்ட் முடிந்துவிட்டது. இனி எதற்கும் கவலையில்லை.

அதே வருஷம் அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் லிஸ்ட் சொல்கிறார். பெரிய லிஸ்ட். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் பிற்காலத்து நூல்கள்தானே, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் எதையாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. மணிமேகலை? இல்லை. கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் ஆள், அவமானமாக இருந்திருக்கும்தானே? அவர் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்குப் பதினொன்றாம் எண் ஞாபகம் வந்தது.

முதலியாரே சிந்தாமணிக்கு ஒரு கையெழுத்துப் பிரதி கொடுத்தார். நச்சினார்க்கினியர் உரையோடு இருந்த பிரதி. இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

நச்சினார்க்கினியர் மதுரைக்காரர். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னால் சும்மா சொல்லமாட்டார். வேறு நூலிலிருந்து ஒரு அடியை எடுத்துச் சான்றாக வைப்பார். ஆனால் பாதி நேரம் அது எந்த நூல், யார் பாடியது என்று சொல்லவேமாட்டார். பிறரும் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்கிற மாதிரி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் காலத்து மாணவருக்கு அது போதும், அடியைக் கேட்டதுமே நூல் தெரிந்திருக்கும். ஐந்நூறு வருஷம் கழித்து, அந்த நூல்களெல்லாம் பாடத்திலிருந்தே விழுந்துபோன பிறகு படிக்க வந்தவருக்கு? ரெஃபரன்ஸ் எண் இருக்கிறது, கடைசிப் பக்கத்தைக் காணோம்.

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மேற்கோளைத் தாண்டிக் குதித்துக் கதையைப் படித்திருப்பேன். அவர் குதிக்கவில்லை. தெரியாத மேற்கோள்களைக் குறித்துக்கொண்டார். திருவாவடுதுறை மடத்தில் தன் ஆசிரியர் வைத்திருந்த பழைய ஏடுகளைப் பிரித்துப் பார்த்தபோது அதில் சங்க நூல்கள் இருந்தன. சிந்தாமணி உரையில் அனாதையாக நின்ற அடிகள் அங்கே முழுப் பாட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தன. இந்த அடி இந்தத் தொகையில் இருக்கிறது, அந்த அடி அந்தப் பாட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருந்த ஆரம்பித்தது. அதாவது ஒரே ஒரு உரையின் மேற்கோள்கள், ஒரு பெரிய நூல் கூட்டத்துக்கே வழிகாட்டிப் பலகையாக இருந்திருக்கின்றன. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஒரு நோடில் ஆரம்பித்து அதன் லிங்க்குகளைப் பிடித்துக் கிராஃப் முழுவதையும் நடந்து பார்க்கிற வேலை. வித்தியாசம், இங்கே பாதி நோடுகளைச் செல்லரித்திருந்தது.

சிந்தாமணி 1887இல் அச்சாகி வந்தது. அது சமண காப்பியம், இவரோ சைவ மடத்தில் வளர்ந்த ஸ்மார்த்தப் பிராமணர். உரையில் வந்த சமணச் செய்திகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்கள் அந்த நூலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தவர்கள். பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இன்றைக்கு நாம் பாடப்புத்தகத்தில் வரிசையாக ஒப்பிக்கிற பெயர்கள். (அவர் தனி ஆள் இல்லை. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இலேயே அச்சில் கொண்டு வந்துவிட்டார். இந்தப் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பது என் சின்ன வருத்தம்.)

ஏடு தேடி அலைந்த கதைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகள் வரை போனார். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை 1875இலேயே வந்துவிட்டது, அது நம்ம திண்டுக்கல் வழியாகத்தான் போகிறது. இப்போதும் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே ரயிலில் போகும்போது, கும்பகோணத்துக் கல்லூரி லீவில் ஒரு தமிழ் வாத்தியார் இதே பக்கமாகத் தெற்கே போயிருப்பாரோ என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியன் காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். ஏடுகள் செல்லரித்துப் பழசாகிவிட்டதால் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாகிவிட்டது என்றார்கள். பேக்கப் இல்லாத சர்வரை ஃபார்மட் பண்ணிய மாதிரி. சிரிப்பு வரவில்லை.

இப்போது பழனிக்குப் போவோம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தெரியாத பிள்ளை நம்ம மாவட்டத்தில் இருக்காது. அவன் ஆண்டது பழனி மலைப் பக்கம். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை அவனை ஏழு வள்ளல்களில் ஒருவனாகச் சொல்கிறது. புறநானூற்றைத் திறந்தால் பேகனைக் கபிலர் பாடியிருக்கிறார், பரணர் பாடியிருக்கிறார், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் பாடியிருக்கிறார்கள். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து இருந்தபோது, நீ அவளிடம் திரும்பிப் போ, அதுதான் எங்களுக்குப் பரிசு என்று நான்கு புலவர்களும் கேட்டிருக்கிறார்கள். (இது சிலப்பதிகாரத்துக் கண்ணகி இல்லை, வேறு.) இதில் கதையை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பாருங்க. நான்கு பேர் ஒரே ஆளைச் சுட்டுகிறார்கள். அப்படியென்றால் நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். கபிலர் பாடிய இன்னொரு அரசன் யார், பரணர் பாடிய இன்னொருவன் யார் என்று நூல் பிடித்துப் போனால் புலவர்கள், அரசர்கள் என ஒரு வலையே விரியும். உ.வே.சா. புறநானூற்றுப் பதிப்பில் பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு என்று தனியாகத் தொகுத்து வைத்ததற்கு இதுதான் பயன். யார் யாரோடு சேர்ந்தவர் என்று நீங்களே அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

உரையாசிரியர்களுக்கும் இதே கணக்குத்தான். நச்சினார்க்கினியர் தன் உரையில் சேனாவரையரையும் பேராசிரியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், சில இடங்களில் மறுக்கவும் செய்கிறார். ஆக, அவர்களுக்குப் பின்னால் வந்தவர் இவர். தேதி எழுதும் பழக்கமே இல்லாத ஒரு இலக்கியத்தில், யார் யாரைச் சொன்னார் என்பதுதான் கடிகாரம்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1919இல் ஓய்வு, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். இதையெல்லாம் வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் எனக்கு 1937க்குப் போக வேண்டும். அந்த வருஷம் அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வந்தது. வயது 82. நூலை முதலில் அச்சிட்டவர் அவர் இல்லை. சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலேயே பதிப்பித்திருந்தார். ஆனால் உ.வே.சா. பதிப்பில் ஒவ்வொரு பாட்டின் கீழும் மேற்கோளாட்சி என்று ஒரு பகுதி இருக்கிறது. லைப்ரரியில் எடுத்துப் பாருங்க. இந்தப் பாட்டின் இந்த அடியை இன்ன உரையாசிரியர் இன்ன சூத்திரத்தின் உரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார் என்று சுருக்கக் குறியீட்டோடும் எண்ணோடும் கொடுத்திருக்கிறார். பக்கத்திலேயே ஒப்புமைப் பகுதி: இதே கருத்து, இதே சொல் வேறு எந்தெந்த நூலில் வருகிறது என்று.

இது என்னவென்று தெரிகிறதா? கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு பேப்பருக்கும் கீழே இருக்கும் 'சைட்டட் பை' பட்டன்தான். நம் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம் பின்னோக்கிப் பார்க்கிறது, நான் யாரைச் சொன்னேன் என்று. மேற்கோளாட்சி முன்னோக்கிப் பார்க்கிறது, என்னை யார் யார் சொன்னார்கள் என்று. இந்தத் திசையைத் திருப்புவது லேசான வேலை இல்லை. ஒரு பாட்டுக்கு அதை எழுத வேண்டுமென்றால் எல்லா உரைகளையும் முழுசாகப் படித்திருக்க வேண்டும். அமெரிக்க வக்கீல்களிடம் 1873 முதலே தீர்ப்புகளுக்கு இப்படி ஒரு அட்டவணை இருந்தது. அதைப் பார்த்து யூஜீன் கார்ஃபீல்டு விஞ்ஞானத்துக்கும் வேண்டுமென்று 1955இல் எழுதினார். 1964இல் அவருடைய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது, கம்ப்யூட்டர் துணையோடு. 1973இல் ஹென்றி ஸ்மால், ஒரே பேப்பரில் சேர்த்துக் குறிப்பிடப்படும் இரண்டு பேப்பர்களுக்குள் உறவு உண்டு என்று சொல்லி அதை அளக்க வழி காட்டினார். பிறகு கூகுளின் பேஜ்ரேங்க். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. திருவல்லிக்கேணித் தியாகராஜ விலாசத்தில் ஒரு கிழவர் கம்ப்யூட்டர் இல்லாமல், ஞாபகத்தையும் கையெழுத்துக் குறிப்புகளையும் வைத்து அதே திசைத் திருப்பத்தைச் செய்தார். அவ்வளவுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். தன்னை நம்பு என்று அவர் கேட்கவே இல்லை. பாடபேதங்களை அடிக்குறிப்பில் போட்டுவிடுகிறார், மேற்கோளுக்கு இடம் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். சந்தேகமா, போய்ப் பார்த்துக்கொள்.

1940இலிருந்து 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரம். குண்டு விழும் என்று சென்னையே காலியானபோது அவரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். 1942 ஏப்ரல் 28இல் அங்கே இறந்தார். தொடர் பாதியில் நிற்கிறது.

அந்தத் தொடரில்தான் வளையாபதி பற்றி எழுதியிருக்கிறார். ஆசிரியரோடு இருந்த இளம் வயதில் திருவாவடுதுறை மடத்தில் அந்த ஏட்டை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்போது அது அவருக்கு எத்தனையோ ஏடுகளில் ஒன்று. பழைய நூல்களைத் தேடத் தொடங்கிய பிறகு திரும்பப் போய்த் தேடினார். இல்லை. வேறு எங்கும் கிடைக்கவும் இல்லை. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றான அதில் இன்று நம்மிடம் இருப்பது எழுபது சொச்சம் பாடல்கள்தான். அவையும் உரைகளிலும் பழைய திரட்டுகளிலும் மற்றவர்கள் எடுத்து எழுதி வைத்ததால் தப்பியவை.